அறுபத்து மூன்று மணி நேரக்காரி

"உங்களுக்கு எத்தினை மணி?" என்று அந்த மனிதர் கேட்டார்.

நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். "அஞ்சரைங்க" என்றேன்.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் இருபது பேராவது சிரித்திருப்பார்கள். கனடாவில் இருந்து ஒருத்தர், லண்டனில் இருந்து ஒருத்தர், கொழும்பு, சென்னை என்று ஊர் ஊராக உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று புரியாமல் ஹட்டனில், பாதி ஷட்டர் இறக்கிய என் கடைக்குள், நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்துவைத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேனே!

சென்னைக்காரர் ஒருவர்தான் விளக்கம் சொன்னார். "அக்கா, டைம் கேக்கல. நீங்க இந்த கேம்ல மொத்தம் எத்தனை மணி நேரம் ரயில் ஓட்டியிருக்கீங்கன்னு மாஸ்டர் கேக்கறாரு."

"அறுபத்து மூணு."

யாரோ விசில் அடித்தார். மறுபடி சிரிப்பு.

"சரி தங்கச்சி" என்றார் மாஸ்டர். அவருக்கு அங்கே டொரொண்டோவில் ஞாயிறு காலை. காப்பி உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. "நீங்கள் இருந்து கேளுங்கோ. இப்ப கதைக்க வேண்டாம்."

அப்போது எனக்கு நாற்பத்தோரு வயது. பன்னிரண்டு வருஷமாகச் சொந்தமாகக் கடை நடத்துகிறேன். வாயைத் திறக்காதே என்று என்னிடம் கடைசியாகச் சொன்னது நாலாம் வகுப்பு டீச்சர். அன்றைக்கு நான் பேச வந்ததோ ஒரு பலகையைப் பற்றி. அந்தப் பலகை இருந்த இடம் நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு.

கரண்ட் அடித்த மாதிரி

இந்த விளையாட்டுக்குள் நான் வந்ததே ஒரு விபத்து.

என் கடையை ஊரில் 'விஜி கொமினிகேஷன்' என்பார்கள். போட்டோகாப்பி, அடையாள அட்டைப் படம், சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பது. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவார். பெட்ரோல், டீசல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் நின்றுபோன அந்த மாதங்களில், கரண்ட் இருக்கிற மணித்தியாலங்களில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஆள் வராது. அப்படி ஒருநாள் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுவது தெரிந்தது. பொம்மை ரயில் இல்லை. அசல் எஞ்சின், அசல் தண்டவாளம், பனி, மலை. சுரங்கத்தைத் தாண்டி வண்டி இடப்பக்கம் வளைந்ததும் நான் கத்திவிட்டேன்.

பக்கத்து ஹார்ட்வெயார் கடை கலீல் நானா ஓடி வந்தார். "என்ன தங்கச்சி, கரண்ட் அடிச்சிருச்சா?"

"இல்ல நானா, இங்க பாருங்க. இது நம்ம கொட்டகலை வளைவு!"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட, ஆமா! இத யாரு செஞ்சது?"

அதைத் தேடிப் போனபோதுதான் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். பதினைந்து வருஷமாக நடக்கிற தமிழ்க் குழு. உலகத்தில் எங்கெங்கோ இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் நம்முடைய மலைநாட்டுப் பாதையைக் கம்ப்யூட்டருக்குள் அங்குலம் அங்குலமாகக் கட்டியிருக்கிறார்கள். நாவலப்பிட்டியில் தொடங்கி ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல வரைக்கும். அதைப் பார்த்த அன்றைக்கு அவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபக் கதையைச் சொல்லும்போது நியாயத்தை விட்டுவிடக் கூடாது.

அகராதி நோட்டு

நான் ஓட்டிய முதல் ரயில் நானுஓயாவில் இருந்து புறப்பட்டு, எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல், இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியாமல், தலவாக்கலைக்கு முன்னால் தடம் புரண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ரயில் புறப்படவே இல்லை. பிரேக்கை விடுவிப்பது எப்படி என்று தெரியவில்லை.

குழுவில் கேட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன்: "வணக்கம், நான் புதிது. பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?"

வந்த முதல் பதில், "தேடிப் பார்த்தீர்களா?"

இரண்டாவது பதில், "இது 2வது பக்கத்திலேயே இருக்கே." எதனுடைய இரண்டாவது பக்கம் என்று சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு சிரிக்கிற முகம். அவ்வளவுதான்.

அவர்கள் பேசுவதும் புரியாது. எல்லாம் சுருக்கெழுத்து. இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, நடுவில் ஒரு எண். பழைய சண்டைகளைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். "அந்த ரொசல்ல விஷயம் மாதிரி ஆகிடப் போகுது" என்று ஒருவர் எழுதினால் பத்துப் பேர் சிரிப்பார்கள். ரொசல்லையில் என்ன நடந்தது என்று கேட்டால், "நீங்க அப்ப இல்ல" என்பார்கள். கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களுக்கு நடுவில் இலை போட்டு உட்காரவைத்த மாதிரி இருக்கும். பரிமாறுகிறவரும் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

நான் விடவில்லை. ஒரு சி.ஆர். நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு சுருக்கெழுத்தையும் எழுதி, பழைய பதிவுகளைத் தோண்டி எதிரே அர்த்தம் எழுதினேன். போட்டோகாப்பிக்கு ஆள் வந்தால் மூடிவைப்பேன், போனதும் திறப்பேன். கலீல் நானா கேட்டார், "என்ன தங்கச்சி, ஓ.எல். பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

அந்த நோட்டில் நாற்பது பக்கம் நிரம்பியபோது, என் ரயில் நானுஓயாவில் இருந்து ஹட்டன் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "அது சின்னப் பிள்ளைகள் ஓட்டுற பாதை" என்பார்கள் என்று தெரியும்.

ஜன்னலில் இருந்து விழுந்த டொபி

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயம் தண்டவாளத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. ஆறாம் நம்பர் லயம், எட்டுக் காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம். இஸ்தோப்பில், முன்திண்ணையில், நின்றால் ரயிலின் கூரை தெரியும். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, பகல் ரயில் மெதுவாக ஏறி வரும் நேரம் பார்த்து நாங்கள் ஓடிப்போய் நிற்போம். வெள்ளைக்காரர்கள் ஜன்னலில் இருந்து டொபி மிட்டாய் வீசுவார்கள். பச்சைக் காகிதம், சிவப்புக் காகிதம். கற்களுக்கு நடுவே தேடிப் பொறுக்குவோம். பொறுக்குவதையும் படம் பிடிப்பார்கள்.

ஒருநாள் அம்மா கொழுந்து பறித்துவிட்டு நனைந்துபோய் வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையில் மூன்று டொபி. அம்மா அதைப் பார்த்தாள். கன்னத்தில் ஒன்று விட்டாள். டொபியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள்.

"நம்ம என்ன கொரங்கா, எறிஞ்சா பொறுக்குறதுக்கு?"

அதற்குப் பிறகு ரயில் வரும்போது நான் உள்ளேயே இருந்துவிடுவேன். ரயிலில் போகிறவர்களுக்கு நாங்கள் தேயிலைச் செடி மாதிரி ஒரு காட்சி என்பது கன்னத்தில் வாங்கிய அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது.

பங்களாவுக்கு ரோஜா

அறுபதாவது மணி நேரம் வாக்கில், பாதையின் புதிய பதிப்பு வந்தது. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்திருக்கிறோம், எல்லோரும் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லுங்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனேன். சுரங்கத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன். மேலே, சரிவில், எங்கள் லயம்!

அதே இடம். எட்டுக் கதவு. கலீல் நானாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் பலகை கண்ணில் பட்டது.

'கூலி லயன்.'

தமிழில் எழுதியிருந்தது. கட்டடத்தின் மேல் சுட்டியை வைத்தால் பெயர் பெரிதாக வரும்: 'கூலி லயன், தொழிலாளர் கொட்டில்.' எட்டுக் கதவும் ஒரே சாம்பல் நிறம். ஒரு மனுஷர் இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாரியம்மன் கோயில் இல்லை. அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி துரை பங்களா. அதற்குப் பெயர்ப்பலகை, புல்வெளி, வெள்ளை நாற்காலி, சிவப்பு ரோஜாவும் மஞ்சள் ரோஜாவும் தனித்தனியாக. ரோஜாவின் முள்ளைக்கூட விடாமல் செய்திருந்தார்கள்.

அன்றைக்கே பதினொரு பிழைகளை எழுதி அனுப்பினேன். எட்டு, சிக்னல் கம்பம் பற்றியும் பாலம் பற்றியும். மூன்று, லயத்தைப் பற்றி. முதலாவது அந்தப் பெயர்.

குழுவை நடத்துகிற மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது. ஐநூறு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியவர்களின் திருத்தங்களைக் குழு எடுத்துக்கொள்வதில்லை. இது நெடுநாள் விதி. பழைய வரைபடத்தில் இருக்கிற பெயரைத்தான் போட்டிருக்கிறோம், சரித்திரத்தை மாற்ற முடியாது.

சிக்னல் கம்பம், பாலம் பற்றிய எட்டையும் சேர்த்துத்தான் தள்ளியிருந்தார்.

ஆளில்லாத அறை

இதைப் பேசத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போனேன். "கதைக்க வேண்டாம்" என்று மாஸ்டர் சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

அரை மணி நேரம் பேசாமல் இருந்தேன். மற்றவர்கள் ஒரு டீசல் எஞ்சினின் ஹாரன் சத்தம் ஒரு சுருதி கூடுதலாக இருக்கிறது என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஹாரனுக்கு அரை மணி நேரம்! பிறகு "வேறு ஏதும் இருக்கா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இருக்குங்க" என்றேன். "அந்த லயத்துப் பலகையப் பத்தி."

"அக்கா, நீங்க இந்தியாவா?" என்று சென்னைக்காரர் இடையில் கேட்டார். குழுவில் அவரை சிக்னல் என்பார்கள்.

"இல்லங்க. ஹட்டன்."

"அப்புறம் எப்படி எங்க ஊரு மாதிரியே பேசுறீங்க? எங்க பாட்டனார் மதுரைப் பக்கம். அவரு பேசுற மாதிரியே இருக்கு. க்யூட்டா இருக்கு!"

இருநூறு வருஷமாக நாங்கள் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி வெட்கமும் இல்லை. அந்தக் 'க்யூட்' என்ற சொல்லை அப்போதைக்கு விழுங்கினேன்.

"அந்தப் பேரு எங்கள ஏசுற பேருங்க. லயத்துல இருக்கிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. லயம்னுதான் சொல்லுவோம். எங்க அம்மா இன்னும் அந்த வீட்டுலதான் இருக்காங்க..."

"தங்கச்சி" என்றார் மாஸ்டர். "உணர்ச்சிவசப்படாதேங்கோ. இது வரலாறு."

"வரலாறுன்னா கோயில் எங்க? அது அந்தப் பங்களாவ விடப் பழசு. அதுக்கு ஏன் மரம் வெச்சீங்க? பங்களாவுல ரோஜா இருக்கு, லயத்துல தண்ணிப் பீலி இல்ல. அங்க இருக்கிறவங்க எதக் குடிப்பாங்க?"

வெளியே மழை தகரத்தில் அடித்தது. நான் பேசிக்கொண்டே போனேன். யாரும் குறுக்கே வரவில்லை. அவ்வளவு அமைதி. கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குத் துணிச்சல் கூடியது. அம்மாவைப் பற்றிச் சொன்னேன், டொபியைப் பற்றிச் சொன்னேன், அம்மா அறைந்ததைப் பற்றிச் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னேன்.

கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட கலீல் நானா, நான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல ஒங்க பேரு மட்டுந்தானே இருக்கு?"

திரையின் ஓரத்தில் மேலே 'ஞாயிறு கூட்டம்' என்று இருந்தது. அதன் கீழே இருபது பெயர். அதற்கும் கீழே 'காத்திருப்பு அறை' என்று இன்னொன்று. அதில் 'ஹட்டன் விஜி' மட்டும்.

என்னைத் தூக்கி வேறு அறையில் போட்டிருந்தார்கள். எப்போது என்று தெரியாது. பத்து நிமிஷமாக, ஆளில்லாத அறையில், நான் என் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானா ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றினேன். அழுகை என்று அவர் நினைத்திருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அது கோபம்.

பிரதீப் வந்த ரயில்

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நாற்பது பக்க நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஐநூறு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பேசுவது என்று இன்னொரு வழி இருந்தது. நான் பிறந்த வீட்டின் பெயரைச் சொல்ல நான் எதற்கு ஐநூறு மணி நேரம் ஓட்ட வேண்டும்?

ஒவ்வொரு கட்டடத்தின் கீழும் அதைச் செய்தவரின் பெயர் சின்னதாக இருக்கும். லயத்தின் கீழே 'பிரதீப், நாவலப்பிட்டி' என்று இருந்தது. தமிழ்க் குழுவில் அவர் இல்லை. சிங்களத்தில் அவருக்குக் கடிதம் எழுதினேன். மற்றவர்களுக்காக எத்தனையோ காரியாலயங்களுக்குக் கடிதம் எழுதிய கை. எனக்காக எழுதியது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "அனே அக்கே!" என்று, அதாவது 'ஐயோ அக்கா' என்று, தொடங்கியிருந்தார். கட்டடம்தான் தன்னுடையது, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்கு வாசிக்கத் தெரியாது, தமிழ் எழுத்தெல்லாம் மாஸ்டர் அனுப்பியது. லயத்தின் மாதிரியை ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்தாராம், லயத்துக்கு உள்ளே வந்து பார்த்ததே இல்லையாம். வரலாமா என்று கேட்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், தோளில் ஒரு பை, பையில் அளவு நாடா. பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "யாரு இந்த மாத்தயா? லயத்தப் படம் புடிக்க வர்றவுங்க எல்லாம் ஒழுகுற கூரையத்தான் புடிச்சிட்டுப் போவாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள்.

அவர் நாடாவைப் பிடித்து அளக்கத் தொடங்கியதும் லயமே கூடிவிட்டது. கம்ப்யூட்டரில் ரயில் போகும், நம்ம லயம் அதில் தெரியும் என்று நான் விளக்கினேன்.

"அப்ப எங்க கதவு நீலம்னு சொல்லு. பச்சைன்னு போட்டுறப் போறாரு" என்றாள் மூன்றாம் காம்பரா செல்வராணி.

"அப்படியே கூரையையும் அதுலயே மாத்திக் குடுத்துறச் சொல்லு புள்ள. தொரை மாத்த மாட்டாரு, கம்ப்யூட்டராச்சும் மாத்தட்டும்" என்றார் கடைசிக் காம்பரா முருகேசு மாமா. எல்லோரும் சிரித்தார்கள். பிரதீப்புக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கூரையை இருக்கிற மாதிரியே செய்யவா, புதிதாகச் செய்யவா என்று என்னிடம் கேட்டார்.

அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. புதுத் தகரம் போடு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பாதிப் பேர். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற மாதிரியே போடச் சொல்லு" என்றாள். "கல்லு வெச்சிருக்கிற எடத்துல கல்ல வைக்கச் சொல்லு. காத்துல பறக்காம இருக்க நாங்கதான் தூக்கி வெச்சோம்."

பிரதீப் கூரையில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டார்.

சில சிறு திருத்தங்கள்

மாஸ்டருக்குப் பிரதீப் எழுதியது இரண்டே வரி, பிறகு என்னிடம் காட்டினார். "அந்தப் பலகையை எடுக்கும்வரை என்னுடைய கட்டடங்கள் எதையும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது." நாவலப்பிட்டியில் இருந்து பட்டிப்பொல வரை எல்லா ஸ்டேஷனும் அவர் கட்டியது. அவற்றை எடுத்தால் காட்டுக்குள் வெறும் தண்டவாளம்தான் மிஞ்சும்.

இரண்டு நாளில் பலகை போனது. புதிய அறிவிப்பில் 'சில சிறு திருத்தங்கள்' என்று ஒரு வரி. என் பெயர் இல்லை. மன்னிப்பும் இல்லை. ஹாரன் சுருதியைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் பெயர் போட்டு நன்றி.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டத்துக்குப் போனேன். என்னை வெளியே தள்ளுவதென்றால் எல்லோரும் பார்க்கத் தள்ளட்டும் என்றுதான் போனேன். இந்த முறை கண்ணை அந்தப் பெயர் வரிசையில் இருந்து எடுக்கவே இல்லை.

சிக்னல் தன் திரையில் ரயிலை ஓட்டிக் காட்டினார். சுரங்கத்தைத் தாண்டி வண்டி வெளியே வந்தது. மேலே எங்கள் லயம். நீலக் கதவு, கொடியில் துணி, பீலிக்கரையில் குடம், கோயில். கூரையில் கற்கள். பலகையில் 'ஆறாம் நம்பர் லயம்'.

"வாவ், சூப்பரா இருக்கே" என்றார் சிக்னல்.

மாஸ்டரின் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது. "லயத்துக்குக் கீழ ஒரு பாதை வரவேணும்" என்றார். "தேயிலைக்குள்ளால இறங்கி, பாறையைச் சுத்தி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போற பாதை. அது இல்லை."

"எந்த மேப்லயும் அப்படி ஒரு பாதை இல்லையே மாஸ்டர்?"

"மேப்பில இருக்காது."

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மழை பெய்யாத மாலை அது. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எங்கம்மா அந்த வழியாத்தான் கொழுந்து கூடையோட எறங்கும்" என்றார் மாஸ்டர்.

எங்கள் லயத்துப் பேச்சில் எறங்கும் என்றார். இறங்குவா என்று சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அவர் பேசிவந்த வேற்றூர்ப் பேச்சு அந்த ஒரு வாக்கியத்தில் கழன்று விழுந்தது. சிக்னலுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைக்கு ஏறிய கோபத்தில் மைக்கை அமுக்கினேன்.

"அப்ப அந்தப் பேர ஏன் உங்க கையால எழுதுனீங்க?"

அவர் பெயர் வரிசையில் இருந்து மறைந்துவிட்டது.

பாறைக்கு எந்தப் பக்கம்

மூன்றாம் நாள் அவரிடம் இருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பிறந்தவராம். பதினாலு வயதில் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர், பிறகு கடல் தாண்டியவர். யாரும் ஊரைக் கேட்டுவிடக் கூடாதென்று பேச்சை மாற்றிக்கொண்டாராம். "பழைய மேப்பில் அந்தப் பெயர் இருந்தது. அதை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டி வரும்."

இதை நான் எத்தனையோ தரம் வாசித்தேன். என்னை ஆளில்லாத அறையில் போட்டதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இதுவரைக்கும் இல்லை. நானும் மறக்கவில்லை.

அவர் அனுப்பியிருந்த படத்தில் அந்தப் பாதையைச் சிவப்புக் கோடாக வரைந்திருந்தார். பாறைக்கு இடப்பக்கமாக இறங்கியது. நான் பதிலில் வேறு எதையும் எழுதவில்லை. பாதை தப்பு, வலப்பக்கம் போட வேண்டும், நான் தினமும் நடந்த பாதை என்று எழுதினேன்.

இடப்பக்கம்தான் என்றார். வலப்பக்கம் என்றேன். உங்களுக்கு வயதாகிவிட்டது என்றேன். நீ பிறக்கும் முன்பே நான் அதில் ஓடியவன் என்றார். மூன்று நாள் சண்டை. மரியாதையெல்லாம் போய் அவர் என்னை நீ என்று எழுதத் தொடங்கியிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எடப்பக்கந்தான்" என்றாள் அம்மா. "மண்ணு சரிஞ்ச பொறகுதான் வலப்பக்கம் வெட்டுனாங்க. நீ அப்ப கைப்புள்ள. இதெல்லாம் தெரிஞ்சவன் யாரு அவன்? யாரு வீட்டுப் புள்ள?"

தோற்றதை ஒப்புக்கொண்டு, அம்மா கேட்டதை அப்படியே எழுதி அவருக்கு அனுப்பினேன்.

பதில் வரப் பாதி நாள் ஆனது. அப்பா பெயரை எழுதவில்லை. காம்பரா நம்பரும், அம்மா பெயரும் மட்டும் எழுதியிருந்தார்.